மூன்றாம் அத்தியாயத்திலேயே பிடித்துப்போய்விட்டால் அப்புறம் என்ன எழுதுவது?

கேள்வி: சொந்த ஊர் விருதுநகர் பக்கம். சில வருடங்களாகச் சோழிங்கநல்லூரில் ஐடி வேலை. காதல் நாவல் ஒன்று எழுதத் தொடங்கி எட்டு அத்தியாயம் முடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அகிலாவும் பிரவீனும் ஒரே ஆபீஸ். மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு மழை நாளில் இருவருக்கும் பிடித்துப்போய்விடுகிறது. அதற்குப் பிறகு கதை நகர மாட்டேன் என்கிறது. ஐந்தாவதில் ஒரு தப்பான புரிதலை வைத்துப் பிரித்துப் பார்த்தேன். ‘ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே’ என்று தோழி சிரித்துவிட்டாள். சென்னை என்று எழுதியிருந்தாலும் எந்த ஊரிலும் நடக்கிற மாதிரிதான் இருக்கிறது. பேச்சில் ஆங்கிலம் எவ்வளவு வரலாம், நெருக்கமான காட்சிகளை எதுவரை எழுதலாம் என்பதிலும் குழப்பம்.

பதில்: அந்தத் தோழியை விட்டுவிடாதீர்கள், நல்ல வாசகி. கடிதம் கைமாறிப் போவது, போனை அண்ணன் எடுத்துவிடுவது, வேறொரு பெண்ணோடு ரோட்டில் பார்த்துவிடுவது எல்லாம், வீட்டு ஹாலில் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போன் இருந்த காலத்துத் திருப்பங்கள். இன்றைக்கு அகிலாவுக்குச் சந்தேகம் வந்தால் லாஸ்ட் சீன் பார்ப்பாள், நீல டிக் பார்ப்பாள், ராத்திரி பதினொரு மணிக்கு அழைத்துக் கேட்டேவிடுவாள். கேட்காமல் இருக்கிறாள் என்றால் ஏன் கேட்கவில்லை என்பதில்தான் கதை இருக்கிறது. அந்தக் காரணம் கையில் இல்லாவிட்டால் திருப்பத்தையே எடுத்துவிடுங்கள்.

நகரத்தில் சம்பாதிக்கிற இரண்டு பேர் பார்த்துக்கொள்ள இன்று பெரிதாக யாரும் குறுக்கே நிற்பதில்லை. ஆனால் நேரம் இருக்காது. தனியாக உட்கார இடம் இருக்காது. மாதக் கடைசியில் காசு இருக்காது. ஊரில் சொல்லிவைத்திருப்பது ஒன்று, இங்கே வாழ்வது இன்னொன்று. ஆகவே நாவல் தொடங்கும்போது நான் காதலைத் தொடுவதே இல்லை. இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக்கொள்வேன்: எந்த ஷிப்ட், கைக்கு வருகிற சம்பளம், அதில் வீட்டுக்கு அனுப்புவது, வாடகை, அறையில் கூட இருப்பது யார், ஹாஸ்டல் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள். எழுதியதில் முக்கால்வாசி நாவலுக்குள் வராது. மீதிக் கால்வாசிதான் பாதிக்கு மேல் கதையைத் தள்ளிக்கொண்டு போகும்.

உங்கள் ஆட்களையே எடுத்துக்கொள்வோம். பிரவீனுக்கு ஜெனரல் ஷிப்ட், காலை 9.30 முதல் மாலை 6.30. அகிலாவை அமெரிக்க கிளையன்ட் வேலையில் போடுங்கள்: மாலை 5.30க்கு உள்ளே வந்தால் அதிகாலை 2.30. ஒரே கட்டடம், ஒரே கேன்டீன், இருவரும் சேர்ந்து இருப்பது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் அவள் வேலையை வாங்கிக்கொள்ளும் ஹேண்டோவர் அழைப்பில் இருப்பாள். சனிக்கிழமை மதியம்வரை தூங்குவாள். சரி, பார்க்க வேண்டும் என்றால் என்ன செய்வான்? அவளுடைய டின்னர் பிரேக் 9.30க்கு. அதுவரை வேலையே இல்லாமல் சீட்டில் உட்கார்ந்திருக்கத் தொடங்குவான். அறை நண்பர்கள் கேட்பார்கள். அதைவிட மோசம், மேனேஜர் பார்ப்பார். பையன் தினமும் மூன்று மணி நேரம் கூடுதலாக உழைக்கிறானே என்று பாராட்டி, புனேயில் புதிதாக வந்த பிராஜெக்டுக்கு அவன் பெயரைக் கொடுத்துவிடுவார். அவள் பக்கத்தில் இருக்கத்தான் உட்கார்ந்தான், அதுவே அவனை ஊரைவிட்டு அனுப்புகிறது. வில்லன் வேண்டாம், தப்பான புரிதல் வேண்டாம், போன் போட்டும் தீர்க்க முடியாது. உங்கள் மழைக் காட்சியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவன் முதல் முறை ஒன்பதரை வரை காத்திருக்கும் நாளை எழுதிப் பாருங்கள். மழை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் இருவரும் நனைவதைத் தவிர எதையும் செய்யவில்லை.

இதே ஷிப்டில் இன்னொரு காட்சியும் ஒளிந்திருக்கிறது. இரவில் வீட்டில் விடும் ஆபீஸ் கார் (கேப்) வேண்டாம் என்று பெண் ஊழியர் சொன்னால் பல கம்பெனிகளில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், உங்களுக்கே தெரிந்திருக்கும். அவனோடு வண்டியில் போவதற்காக அகிலா டிரான்ஸ்போர்ட் டெஸ்குக்கு அந்த மெயிலைத் தட்டுகிறாள். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவாள்? அதை அடித்து, திருத்தி, கடைசியில் ‘பெர்சனல்’ என்று போட்டு அனுப்புகிறாள். ‘அவள் தன்னை இழந்தாள்’ என்று நீங்கள் எழுதியிருக்கும் பத்தியைவிட இது எனக்குப் போதும்.

ஊர் எப்படி வரும் என்கிறீர்கள். மெரினா, மால், ஃபில்டர் காபி என்று தூவினால் வராது. யார், எதில், எவ்வளவு நேரத்தில் போகிறார்கள் என்பதில் வரும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பழைய கதையில் நாயகன் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டுப் பார்ப்பான், அதுவே ஒரு காட்சி. இன்று பிரவீன் இரண்டு டிக்கெட் கேட்டால் கண்டக்டரே சிரிப்பார். ஆனால் புதிதாக ஒன்று கிடைத்திருக்கிறது. சம்பளத்தில் பெரும்பங்கை ஊருக்கு அனுப்புகிற பெண், டீலக்ஸ் பஸ் காலியாக வந்தாலும் ஏறாமல் நிற்பாள். அவள் ஏன் ஏறவில்லை என்று அவனுக்கு எந்தப் பக்கத்தில் புரிகிறது என்பது நீங்கள் முடிவுசெய்ய வேண்டியது. மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்த பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்) இருவரும் நிற்கிற நேரத்துக்கு ஒரு முழு அத்தியாயமே எழுதலாம்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. பிரவீன் என்ற பெயர் இந்துக் குடும்பத்திலும் வைப்பார்கள், கிறிஸ்தவக் குடும்பத்திலும் வைப்பார்கள். எட்டு அத்தியாயத்தில் எது என்று ஒரு வரி இல்லை. சாதியும் இல்லை. நகரத்துக் காதல் நாவல்களில் பெரும்பாலும் நாயகனுக்கும் நாயகிக்கும் சாதியே கிடையாது, கடைசி அத்தியாயத்தில் பெற்றோர் சம்மதிக்கும்போது மட்டும் என்னவோ இருந்திருக்கிறது போலத் தெரியும். வீடு பார்க்கப் போனால் ஓனர் கேட்கிற ‘வெஜ்ஜா?’, ஆபீஸ் சீனியர் கேட்கிற ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ இரண்டிலும் அது இருக்கிறது. நாவலில் பெயர் சொல்லாமலும் எழுதலாம், ஆனால் எழுதுகிற உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காரணம், கல்யாணம் எந்தச் சட்டத்தில் நடக்கும் என்பதே அதைப் பொறுத்ததுதான். மாலையோடு பதிவு அலுவலகத்துக்குள் போய் ஒரே மதியத்தில் கணவன் மனைவியாக வெளியே வருவதாக நிறையப் பேர் எழுதுகிறார்கள். பிரவீன் கிறிஸ்தவன், அகிலா இந்து, யாரும் மதம் மாறவில்லை, பதிவுத் திருமணம்தான் என்றால் பெரும்பாலும் 1954 சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் வர வேண்டியிருக்கும். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாளாவது வசித்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த பிறகு ஆட்சேபனைக்கு 30 நாள். நோட்டீஸின் நகலை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுவார்கள். அதோடு முடியவில்லை. ஒருவருடைய நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அந்த மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரு நகல் போக வேண்டும், அங்கேயும் ஒட்ட வேண்டும் என்கிறது சட்டம். அகிலாவுக்கும் உங்கள் ஊர்தான் என்று வைத்தால், சென்னையில் சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்று போன பெண்ணின் பெயர் விருதுநகரில் பலகையில் ஏறுகிறது. அந்த அலுவலகத்துக்கு நிலப் பத்திரம் விஷயமாக வந்து போகிற சித்தப்பா ஒருவர் போதும். முப்பது நாளும் ஒவ்வொரு நாளாக எழுதலாம். உங்கள் இரண்டாம் பாதி முழுக்க இதிலேயே இருக்கிறது.

இருவரும் இந்துக்கள், சாதி வேறு என்று வைத்தால் கதையே வேறு. இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967 திருத்தத்தால் சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினரோ நண்பர்களோ முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். புரோகிதர் வேண்டாம், முப்பது நாள் நோட்டீஸும் இல்லை. 2009 தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி பிறகு பதிவுசெய்ய வேண்டும், அவ்வளவுதான். இங்கே பதற்றம் கல்யாணத்துக்கு முன்னால் இருக்காது, பின்னால் இருக்கும். எந்தக் கதை உங்களுடையது என்று இப்போதே தேர்ந்தெடுங்கள்.

பேச்சு மொழிக்கு வருகிறேன். கதை சொல்வது எழுத்துத் தமிழில் இருக்கட்டும், உரையாடல் வாயில் வருகிறபடி. ஷிப்ட், கேப், அப்ரைசல் (வேலை மதிப்பீடு) போன்றவற்றுக்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம், ஆபீஸில் யாரும் சொல்லாத சொல் கதையிலும் நிற்காது. நீளமான ஆங்கில வாக்கியங்கள்தான் படிக்க அலுப்பு. இப்படி ஒன்று, முதலில் கேட்பது அகிலா:

‘அப்ரைசல் முடிஞ்சுதா?’

‘முடிஞ்சுது. மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ். சுமார்தான்.’

‘திட்டினியா?’

‘யாரை?’

‘என்னைத்தான். தினம் ஒன்பதரை வரைக்கும் உக்கார வெச்சேன்ல.’

இதில் காதல் என்ற சொல்லே இல்லை, ஆங்கிலம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இருக்கிறது. அப்புறம், அகிலா அம்மாவோடு போனில் பேசும்போது அவளுடைய தமிழ் மாற வேண்டும். பிரவீன் அதை முதல் முறை பக்கத்திலிருந்து கேட்கிற காட்சியை எழுதாமல் விடாதீர்கள்.

நெருக்கத்தைப் பொறுத்தவரை முதல் கேள்வி, எங்கே? கேட் பத்து மணிக்குப் பூட்டுகிற ஹாஸ்டல், மூன்று பேர் தங்கும் அறை, பெசன்ட் நகர் கடற்கரையில் எழுந்து போகச் சொல்லும் ரோந்து. இடத்தைத் தேடுகிற சங்கடத்தையும் சிரிப்பையும் எழுதினால் பாதிக் காட்சி வந்துவிடும். மீதியில், அந்தப் பாத்திரம் எதைக் கவனிக்குமோ அதுவரை போங்கள், வாசகருக்காக ஒரு வரி கூட்ட வேண்டாம். பலவந்தம் செய்கிற, அறைகிற ‘ஆன்டி ஹீரோ’வை இணையத் தொடர்களில் இன்னும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்த வகை பிடிக்காது. பிரவீனை அவளுடைய டீம் லீடாக மாற்றும் எண்ணம் இருந்தால், பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி புகார்க் குழு உண்டு என்பதையும் சேர்த்தே யோசியுங்கள். அவளுக்கு ரேட்டிங் போடுகிறவன் அவளைக் காதலிக்கிறான் என்றால் அவள் ‘சரி’ என்று சொல்வதற்கு எவ்வளவு மதிப்பு? அதை எழுதத் தயாராக இருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

முடிவு சுபமாகவே இருக்கட்டும், காதல் நாவலைக் கையில் எடுப்பவர் அதை எதிர்பார்த்துத்தான் எடுக்கிறார். ஆனால் இருவரும் ஆளுக்கு ஒன்றையாவது விட்டுக்கொடுத்து வந்து சேர வேண்டும், அதில் ஒன்று பணமாக இருந்தால் இன்னும் நம்புவார்கள். தொடராக வெளியிடப் போகிறீர்கள் என்றால் கடைசி எபிசோட்வரை எழுதி முடித்துக் கையில் வைத்துக்கொண்டு முதல் யூடி (அப்டேட்) போடுங்கள். ‘பிரவீன் பாவம், புனே வேண்டாம்’ என்று இருபது கமென்ட் வந்த பிறகு அவனை ரயில் ஏற்ற உங்களுக்கு மனசு வராது.