பிசியோதெரபி பேராசிரியரா இருந்துகிட்டே ஆராய்ச்சி, ஸ்போர்ட்ஸ் மெடிசின் ரெண்டையும் பண்ண முடியுமா?

முடியுங்க. நான் பதினெட்டு வருஷமா பண்ணிட்டு இருக்கேன். ஆனா மூணையும் மூணு தனி வேலையா வச்சுகிட்டா ஏதோ ஒண்ணு படுத்துடும், எனக்கு மொத அஞ்சு வருஷம் காலைல கிளாஸ், சாயங்காலம் டீமோட கிரவுண்டு, ராத்திரி பேப்பர்னு ஓடி கடைசில ஆராய்ச்சி அப்படியே நின்னு போச்சு.

அத மாத்துனது ஒரு ஃபுட்பால் ஆடுற பொண்ணு. ஏசிஎல் (முட்டிக்குள்ள தொடை எலும்பையும் கீழ் எலும்பையும் சேத்துப் புடிக்கிற நார்) கிழிஞ்சு சர்ஜரி ஆகி ஆறு மாசம், வலி இல்ல, வீக்கம் இல்ல, முட்டி முழுசா மடங்குது, "ஆடலாம்ல சார்"னு கேக்குறா. நானும் கையால தள்ளிப் பாத்துட்டு ரெண்டு காலும் ஒரே பலம்தான்னு அனுப்பிட்டேன். மூணாவது மேட்ச்ல திரும்பவும் அதே முட்டி. அவங்க அம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கல, சும்மா நின்னாங்க, அது இன்னும் மனச விட்டுப் போகல.

அதுக்கப்புறம் கைய மட்டும் நம்புறத விட்டுட்டேன். குவாட்ரிசெப்ஸ், அதாவது தொடையோட முன்பக்க தசை, அதோட பலத்த மெஷின்ல அளந்து நல்ல காலோட ஒப்பிட்டா 90 சதவீதமாவது வரணும், ஒத்தக்கால்ல குதிச்சுப் பாக்குற ஹாப் டெஸ்ட்டும் அப்படித்தான். 2016ல வந்த டெலவேர்-ஓஸ்லோ ஆய்வுல, ஒன்பது மாசம் வரைக்கும் ஆட்டத்துக்குத் திரும்புறத ஒவ்வொரு மாசம் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடுறது பாதிக்குப் பாதி குறையுதுன்னு வந்துச்சு. படிச்சப்போ அந்தப் பொண்ணு முகம்தான் வந்துச்சு. இப்ப என் ஆராய்ச்சி பூரா இந்த ஒரே விஷயம்தான், எப்ப திரும்ப அனுப்பலாம்.

கிளாஸ்ல எனக்கு ரொம்பப் புடிச்சது, ஏசிஎல் கிழிஞ்சிருக்கான்னு கையால பாக்குற லாக்மன் டெஸ்ட் சொல்லித் தர்றது. முட்டிய 20லருந்து 30 டிகிரி மடக்கி, ஒரு கையால தொடை எலும்ப அசையாம புடிச்சு, இன்னொரு கையால கீழ் எலும்ப முன்னாடி இழுக்கணும். நல்ல முட்டி டக்குனு நிக்கும், கிழிஞ்சது நிக்காம மெத்துனு வந்துகிட்டே இருக்கும். புதுசா வர்ற பசங்க பலமா இழுப்பாங்க, பேஷண்ட் பயந்து ஹாம்ஸ்ட்ரிங்க (தொடையோட பின்பக்க தசை) இறுக்கிடுவாரு, அப்புறம் கிழிஞ்ச முட்டியும் நல்ல முட்டி மாதிரியே தெரியும். அதனால அவங்க கை மேல என் கைய வச்சு, பேஷண்ட் தசை தளர்ற வரைக்கும் காத்திருக்கச் சொல்லுவேன். ஸ்லைடு போட்டெல்லாம் இத புரிய வைக்கவே முடியாது.

நோட்ஸ வருஷா வருஷம் திருத்தணும், இதுல மட்டும் சோம்பேறித்தனம் வேணாம். 1978ல அடிபட்டா ரைஸ்னு (ஓய்வு, ஐஸ், கட்டு, கால தூக்கி வைக்கிறது) சொன்ன டாக்டர் கேப் மிர்கினே பின்னாடி ஐஸ் ஆறுறத தாமதப்படுத்தலாம்னு மாத்தி எழுதுனாரு. நானும் கிளாஸ்ல போய், போன வருஷம் சொன்னது தப்புன்னு நேராவே சொல்லிருக்கேன்.

நீங்க இதுக்கு வர்றதா இருந்தா பிஎச்டி சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமாவது ஒரு டீமோட இருங்க, ஸ்கூல் டீமா இருந்தாலும் போதும். ஒவ்வொரு அடிக்கும் எந்த நாள், எந்த கால், எத்தன வாரத்துல திரும்ப ஆட வந்தாங்கன்னு நோட்டுல எழுதி வைங்க, பிஎச்டிக்கு தலைப்பு தேடும்போது மொதல்ல அந்த நோட்டத்தான் எடுப்பீங்க.