விளக்கு அணையாவிட்டால் மீன் அறைக்குள் இறங்கலாமா?

கேள்வி: மண்டபத்தில் விசைப்படகு வைத்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிறது, மீன் அறையைக் கழுவ ஆள் இறக்க வேண்டும். கயிற்றில் விளக்கைக் கட்டி உள்ளே விட்டு, அணையாவிட்டால் இறங்கலாம் என்கிறார் பெரியப்பா. சரியா?

பதில்: கிணறு தூர்வாரியவர்களின் பழக்கம் அது. ஆக்சிஜன் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இறங்கினால்தான் சுடர் அணையும். ஆள் இறங்கவோ 19.5 சதவீதமாவது வேண்டும். உங்கள் படகில் அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மூடிக்கிடக்கும் அறையின் அடித்தண்ணீரில் செதிலும் குடலும் அழுகி ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகும். விளக்குக்கு அது தெரியாது. எரியும் வாயு இருந்தால் விளக்கே வினையாகிவிடும்.

மூக்கையும் நம்பாதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் வாயு கொஞ்சமாக இருக்கும்வரைதான். 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு) அளவில் சில நிமிடங்களிலேயே மூக்கு மரத்துவிடும். "நாத்தம் போயிருச்சு, இறங்கு" என்பது அப்போதுதான். ஆயிரம் பிபிஎம்மை நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் சரிந்துவிடுவார்.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது, அடியில்தான் தங்கும். அதனால் மூடியைத் திறந்து வைத்தால் மட்டும் போகாது. முதலில் மேலிருந்தே தண்ணீரை இறையுங்கள். என்ஜின் பம்பை உள்ளே இறக்க வேண்டாம். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. பிறகு ஊதுவிசிறியின் குழாயை அடிவரை விட்டு அரைமணி நேரமாவது ஓட்டுங்கள், வேலை முடியும்வரை நிறுத்தாதீர்கள். விசிறிக்குப் பதிலாக வெல்டிங் ஆக்சிஜனைத் திறந்துவிடுவோர் உண்டு, அது வேண்டாம். ஒரு பொறி பட்டால் போதும், தீப்பிடித்துவிடும்.

ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய நான்கையும் அளக்கும் கருவியைக் கயிற்றில் இறக்கி மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் பாருங்கள். ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்மைத் தொட்டால் யாரும் இறங்கக் கூடாது. குறைவாக இருந்தாலும் கருவி இறங்குபவர் சட்டையிலேயே இருக்கட்டும். சேற்றைக் கிளறும்போதுதான் அடைபட்ட வாயு ஒரேயடியாக வெளிவரும். முதலில் பார்த்த அளவு அப்போது உதவாது. முகத்தில் கட்டிய துண்டு எந்த வாயுவையும் தடுக்காது.

இறங்குபவர் இடுப்பில் வெறுங்கயிறு கட்டாமல் தோள்வார் (உடம்பைத் தாங்கும் பாதுகாப்புப் பட்டை) மாட்டி, அதில் கயிற்றைக் கட்டுங்கள். அந்தக் கயிற்றைப் பிடித்து ஒருவர் மேலேயே நிற்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கூடப்பிறந்த தம்பியே ஆனாலும் அவர் குதிக்கக் கூடாது, இழுக்கத்தான் வேண்டும். 108-ஐ அழைத்துவிட்டு இழுங்கள். பெரும்பாலும் இரண்டாவதாகச் சாவது காப்பாற்ற இறங்கியவர்தான்.

கருவி விலை கூடுதல் என்றால் பக்கத்துப் படகுக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வாங்குங்கள். அது வரும்வரை கச்சான் காற்று (மேற்கிலிருந்து வீசும் காற்று) முதுகில் படும்படி மேலேயே நின்று, நீளக் குழாயால் பீய்ச்சிக் கழுவுங்கள்.