ஜிஎஃப்பி_கெர்னலையும் ஜிஎஃப்பி_அட்டாமிக்கையும் சேர்த்து எழுதலாமா?

திருகோணமலை உட்துறைமுகத்தில் நீர்மட்டம் அளக்கும் உணரிக்கு லினக்ஸ் டிரைவர் எழுதுவதாகவும், அதன் இன்டரப்ட் ஹேண்ட்லரில் (வன்பொருள் குறுக்கிடும்போது ஓடும், தூங்கவே கூடாத செயற்கூறு) நினைவகம் ஒதுக்கும் கேமல்லாக் அழைப்புக்கு, ஒதுக்கும் முறையைச் சொல்லும் இவ்விரு ஃபிளாக்குகளையும் ‘அல்லது’ குறியால் இணைத்தால் கூடுதல் பாதுகாப்புக் கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காது, அது பிழை.

இவை தனித்தனி பிட்டுகள் அல்ல, பல பிட்டுகளின் தொகுப்புகள். ஜிஎஃப்பி_கெர்னல், நினைவகம் போதாதபோது அழைத்த நிரலையே தூங்கவைத்துப் பக்கங்களை மீட்கவும், வட்டில் எழுதவும், கோப்பு முறைமைக்குள் நுழையவும் அனுமதி தருகிறது. ஜிஎஃப்பி_அட்டாமிக்கின் பயனோ, அந்த நேரடி மீட்புப் பிட் அதில் இல்லாதிருப்பதிலேயே தங்கியிருக்கிறது. அவசர ஒதுக்கைத் தொடவும், பின்னணியில் நினைவகத்தை மீட்கும் கேஸ்வாப்டி என்ற கெர்னல் நிரலை எழுப்பவும் மட்டுமே அது இடமளிக்கிறது. ஒரு பிட்டின் இல்லாமையை ‘அல்லது’ குறியால் கூட்ட முடியாது என்பதால், இணைத்தவுடனேயே தூங்கும் அனுமதி திரும்பிவிடுகிறது. நினைவகம் தாராளமாக உள்ள உங்கள் மேசைக் கணினியில் இது வெளிப்படாமல், கரையில் பொருத்திய சிறு கணினியில் நெருக்கடி வரும்போது கெர்னலை முடக்கக்கூடும் என்பதுதான் எனக்குப் பெருங்கவலை. தூங்கக்கூடாத இடத்தில் தூங்குவதைக் கண்டறியும் கான்ஃபிக்_டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் தெரிவை இயக்கிய கெர்னலில் சோதித்தால் எச்சரிக்கை முன்கூட்டியே வரும்.

ஆகவே அடிப்படைத் தொகுப்பு ஒன்றை மட்டும் தேர்ந்து, __ஜிஎஃப்பி_ஸீரோ (ஒதுக்கிய இடத்தைப் பூச்சியத்தால் நிரப்புவது) போன்ற மாற்றிகளை அதனுடன் சேருங்கள். ஸ்பின்லாக் (தூங்காமல் சுழன்று காத்திருக்கும் பூட்டு) பிடித்திருக்கும்போதும் அட்டாமிக்தான். டிஎம்ஏ (செயலியின் தலையீடின்றிச் சாதனமே நினைவகத்தை அணுகும் முறை) இடையகத்துக்கு, எக்ஸ்86 கணினிகளில் முதல் 16 மெகாபைட்டை மட்டும் குறிக்கும் ஜிஎஃப்பி_டிஎம்ஏவைத் தவிர்த்து, டிஎம்ஏ_அல்லாக்_கோஹெரன்ட்டை அழையுங்கள். உங்கள் அளவீடு ஒவ்வொன்றும் ஒரே நீளமுடையதாயின், சாதனத்துடன் டிரைவர் இணையும்போது ஓடும் புரோப் செயற்கூற்றிலேயே ஜிஎஃப்பி_கெர்னலுடன் இடத்தை ஒதுக்கிவிடுங்கள். ஹேண்ட்லரில் ஒதுக்கீடே தேவைப்படாது.