தூத்துக்குடியில் குறைந்த கன அடி எங்கே போனது?

தம்பி, யாரும் திருடவில்லை. சரவாக்கிலிருந்து 100 கன மீட்டர் கப்பூர் மரத் தடி அனுப்பினீர்கள், 3,531 கன அடி வர வேண்டிய இடத்தில் வாங்கிய தூத்துக்குடிக்காரர் 2,770 என்று எழுதியிருக்கிறார், விலையில் 22 விழுக்காடு கழிக்கச் சொல்கிறார். அந்த 2,770-ஐ 0.785-ஆல் வகுத்துப் பாருங்கள், 3,529 வரும். மீதி இரண்டு அடி டேப் பிடித்த கையின் கோளாறு.

அவர் அளந்தது ஹோப்பஸ் முறை. தடியின் நடுவில் சுற்றளவு எடுத்து, அதில் நாலில் ஒரு பங்கை அதே பங்கால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவது; சுற்றளவு அங்குலத்தில் இருந்தால் 144-ஆல் வகுக்க வேண்டும். 60 அங்குலச் சுற்றளவு, 12 அடி நீளத் தடிக்கு 18.75 கன அடி வரும். உருளைக் கணக்கில் அதே தடி ஏறக்குறைய 23.9; ஹோப்பஸ் அளவு அதில் 0.785 பங்குதான். அறுக்கும்போது வீணாகும் ஓரப் பலகையைப் பழைய வெள்ளைக்கார வியாபாரிகள் முன்கூட்டியே கழித்துக்கொண்ட தந்திரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் சுங்கை காடுட் மரப் பட்டறையில் வேலை பழகியபோது நானும் இதில் மாட்டி, இரண்டு நாள் தடிகளைத் திரும்பத் திரும்ப எண்ணியிருக்கிறேன்.

ஒப்பந்தத்தை எடுத்து விலை எந்த அளவுக்கு என்று பாருங்கள். உண்மைக் கன மீட்டர் என்றிருந்தால் ஒரு வெள்ளிகூடக் கழிக்காதீர்கள். ஹோப்பஸ் டன் என்றிருந்தால் அது 50 ஹோப்பஸ் கன அடி, அதாவது சுமார் 1.8 கன மீட்டர். அவர் கணக்குதான் சரி. வெறுமனே ‘கன அடி’ என்று எழுதியிருந்தால் பேசித்தான் தீர்க்க வேண்டும்.