ரேடார் படத்தில் கடல் சுழல்: மகள் கேட்கும் படிப்புக்கு வேலை உண்டா?

வணக்கம் ஐயா. பி.எஸ்சி. இயற்பியல் கடைசி ஆண்டில் இருக்கும் உங்கள் மகள், ரேடார் படங்களைக் கொண்டு கடல் நீரோட்டங்களையும் சுழல்களையும் ஆராயப் போவதாகச் சொல்கிறார். மாதக்கணக்கில் கப்பலில் போக வேண்டியிருக்குமோ என்று பயப்படுகிறீர்கள். இந்த வேலையில் பெரும்பகுதி கணினி முன்னால்தான்.

செயற்கைக்கோள் ரேடார் கடலுக்குள் ஊடுருவிப் பார்ப்பதில்லை. மேற்பரப்பில் சில சென்டிமீட்டர் நீளமே உள்ள சிற்றலைகள் திருப்பி அனுப்பும் ரேடார் அலையைத்தான் பதிவு செய்கிறது. மேகம் மூடினாலும், இரவானாலும் படம் கிடைக்கும். நுண்ணுயிர்கள் கசியவிடும் மெல்லிய எண்ணெய்ப் படலம் சிற்றலைகளை அடக்கிவிடுவதால் அந்த இடம் கறுப்பாக விழும். சுழல் அந்தப் படலத்தை இழுத்துச் சுற்றினால் படத்தில் கறுப்புச் சுருள் தெரியும். காற்று பலமாக வீசினால் சுருள் அழிந்துவிடும்; காற்றே இல்லாவிட்டால் எல்லாமே கறுப்பு. எது சுழல், எது காற்றின் வேலை, எது கப்பல் கொட்டிய எண்ணெய் என்று பிரிப்பதில்தான் திறமை. நகரும் நீரில் பட்டுத் திரும்பும் ரேடார் அலையின் அதிர்வெண் சற்று மாறும்; டாப்ளர் பெயர்ச்சி எனப்படும் அந்த மாற்றத்திலிருந்து நீரோட்ட வேகத்தைக் கணக்கிடுவதும் உண்டு. அதிலிருந்து கடலலைகளின் அசைவைக் கழித்தாக வேண்டும். இயற்பியல் படித்தவருக்கு இது பொருத்தமான இடம் என்றே சொல்வேன்.

வேலைக்கு வருவோம். ஹைதராபாத்தில் இன்காய்ஸ் எனப்படும் தேசியக் கடல் தகவல் சேவை மையம், அகமதாபாத்தில் இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம், நம் பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் ஆகியவை முக்கியமானவை. கடலூரிலும் கல்பாக்கத்திலும் கரையில் நின்றே நீரோட்டத்தை அளக்கும் ரேடார்கள் உள்ளன. நம் கிழக்குக் கரை நீரோட்டம் பருவத்துக்குப் பருவம் திசையையே மாற்றிக்கொள்வது. ஆராய விஷயம் தீராது. ஆனால் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. ப்ராஜெக்ட் பணி, பிஎச்.டி. என்று சில ஆண்டுகள் ஓடும். அதை உங்களால் தாங்க முடியுமா என்று வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். ஒரு தெம்பு: ரேடார் படத்தைக் கையாளத் தெரிந்தவருக்கு வெள்ளம், பயிர், நிலச்சரிவு ஆய்விலும் இடம் உண்டு. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நாசா-இஸ்ரோ கூட்டு ரேடார் செயற்கைக்கோளான நைசாரின் தரவுக்கும் ஆள் வேண்டும்.

'சாட்டிலைட் சான்றிதழ்' என்று பெருந்தொகை கேட்கும் தனியார் குறுகியகாலப் படிப்புகளில் பணத்தைப் போடாதீர்கள். எம்.எஸ்சி. இயற்பியல் அல்லது கொச்சி, ஆந்திரப் பல்கலைக்கழகங்களில் கடலியல் என்பது என் யோசனை, கூடவே பைத்தான் நிரல்மொழி.

அதற்கு முன் ஒரு சோதனை. ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் படங்களும், அவற்றைத் திறக்கும் ஸ்நாப் மென்பொருளும் இலவசம். இந்த விடுமுறையில் வங்கக் கடல் படங்கள் நான்கைந்தில் சுழல்களைக் குறித்துப் பார்க்கட்டும். பொறுமை தாங்கினால், விண்ணப்பம் போடுமுன் அந்தப் படங்களோடு மகளை என்னிடம் அனுப்புங்கள்.