மாற்று இடுப்பு மூட்டோடு மீண்டும் ஓடலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. வலது தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து மூட்டு சிதைந்துவிட்டது, ஏ.வி.என். என்றார்கள். ஏழு மாதங்களுக்கு முன் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். சிமென்ட் இல்லாத வகை, செராமிக் பந்து. அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியவன். மூன்று அரை மாரத்தான் முடித்திருக்கிறேன். இப்போது வலியே இல்லாமல் தினமும் ரேஸ்கோர்ஸில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். ஆனால் என் சர்ஜன், ‘நடந்தால் போதும்’ என்கிறார். இடுப்பு அறுவைக்குப் பிறகு ஆண்டி மர்ரி தொழில்முறை டென்னிஸே ஆடினாரே, நான் ஓடக் கூடாதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மர்ரியை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். 2019 ஜனவரியில் அவருக்குச் செய்யப்பட்டது வேறு வகை அறுவை சிகிச்சை. எலும்பின் தலையை வெட்டி எடுக்காமல், அதைச் செதுக்கி உலோகத் தொப்பி ஒன்றை அணிவிக்கும் முறை அது. அதே ஆண்டு அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் அவர் பட்டம் வென்றது உண்மைதான். ஆனால் அப்போது அவருக்கு 32 வயது, ஆட்டமே அவருடைய தொழில். உங்களுக்கோ தொடை எலும்பின் தலையையும் கழுத்தையும் நீக்கிவிட்டு, அதன் உட்குழிக்குள் உலோகத் தண்டைச் செருகியிருக்கிறார்கள். இந்த மூட்டு உங்களுக்கு இன்னும் முப்பது ஆண்டுகள் உழைக்க வேண்டும்.

உங்கள் சர்ஜனின் தயக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சையை வடிவமைத்த ஜான் சார்ன்லி, பந்து சுழலும் கிண்ணத்தை முதலில் டெஃப்லானால் செய்தார். அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்துபோக, பொருத்திய மூட்டுகளைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. 1962இல் அவர் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகுதான் இது நிலைத்தது. அதிலும் தேய்மானம் நிற்கவில்லை. கிண்ணத்திலிருந்து உதிரும் கண்ணுக்குத் தெரியாத துகள்களை உடலின் செல்கள் அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கும்போது, சுற்றியுள்ள எலும்பும் சேர்ந்து கரைகிறது. வலி எதுவும் காட்டாமலேயே தண்டோ கிண்ணமோ தளர்ந்துவிடக்கூடும். 1990களின் இறுதியில் வந்த உறுதிப்படுத்தப்பட்ட பாலிஎதிலீன் இந்தத் தேய்மானத்தை வெகுவாகக் குறைத்திருக்கிறது. ஆகவே பழைய பயம் முழுவதும் இன்று பொருந்தாது. ஆனாலும் மாற்று மூட்டோடு ஓடுபவர்களை இருபது, முப்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள் கைவசம் இல்லாதபோது, பொறுப்புள்ள மருத்துவர் நடையைப் பரிந்துரைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

2019இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, இடுப்பு மூட்டு மாற்றுகளில் ஏறத்தாழ 58 விழுக்காடு 25 ஆண்டுகள் தாக்குப்பிடிப்பதாகக் கணக்கிட்டது. அவை பழைய பொருள்களால் ஆனவை. உங்களுடையது அதைவிட நன்றாகவே உழைக்கலாம். இருந்தும், எழுபதுகளின் பிற்பகுதியில் மறு மாற்று தேவைப்பட்டால் அது முதல் அறுவை சிகிச்சையைப் போல் எளிதாக இருக்காது. எலும்பு குறைந்திருக்கும், நோய்த்தொற்றுக்கும் மூட்டு நழுவுவதற்கும் வாய்ப்பு கூடியிருக்கும்.

பெர்லினில், உணர்கருவிகள் பதித்த செயற்கை மூட்டுகளைச் சிலருக்குப் பொருத்தி, உள்ளே விழும் சுமையை அளந்தார்கள். நடக்கும்போது அது உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. மெதுவாக ஓடும்போது நான்கு, ஐந்து மடங்கு. எதிர்பாராமல் இடறியபோது ஏழு, எட்டு மடங்கு வரை போனது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறத்தாழ அரை டன். என்னைக் கேட்டால், ஓட்டத்தைவிட இடறலுக்கும் விழுதலுக்கும்தான் நீங்கள் அதிகம் அஞ்ச வேண்டும். தண்டைச் சுற்றி எலும்பு முறிந்தால் அதைச் சரிசெய்வது மிகக் கடினம். விடியற்காலை இருட்டு, வேகத்தடை, துரத்தும் நாய் ஆகிய மூன்றும் உங்களுக்கு இனி ஆகாதவை.

எனவே என் பதில்: இப்போது வேண்டாம், ஓராண்டு முடிந்த பிறகு, கொஞ்சமாக ஓடலாம். சிமென்டால் ஒட்டப்படாத தண்டை எலும்பு பற்றிக்கொள்ள முதல் மூன்று மாதங்கள் போதுமானவை என்பதால், இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் தசைக்காகத்தான். அறுவைக்கு முன் பல மாதங்கள் நொண்டியே நடந்திருப்பீர்கள். அப்போது மெலிந்த பக்கவாட்டுப் பிட்டத் தசை, வலி போனதும் தானாகத் திரும்பி வருவதில்லை. கண்ணாடி முன் வலது காலில் மட்டும் அரை நிமிடம் நின்று பாருங்கள். இடது பக்க இடுப்பு கீழே சரிந்தாலோ, உடல் வலப்பக்கம் சாய்ந்தாலோ, ஓடுவதற்கு நீங்கள் இன்னும் தயாராகவில்லை. ஒருக்களித்துப் படுத்து மேல்காலை உயர்த்துவது, படியில் ஒற்றைக் காலால் ஏறி இறங்குவது போன்ற பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் தொடருங்கள்.

ஓராண்டு எக்ஸ்ரேயைப் பார்த்து உங்கள் சர்ஜன் சம்மதித்தால், மண் தடத்தில் ஒரு நிமிடம் ஓடி, நான்கு நிமிடம் நடந்து, மொத்தம் இருபது நிமிடங்களோடு தொடங்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். காலடிகள் குறுகியவையாக இருக்கட்டும், இறக்கமான பாதை வேண்டாம். வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு கிலோமீட்டர் என்பதை உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். அரை மாரத்தானை விட்டுவிடத்தான் வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியவருக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று அறிந்தே சொல்கிறேன். தொடை இடுக்கிலோ நடுத்தொடையிலோ வலி வந்தால், குறிப்பாக நாற்காலியிலிருந்து எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் வலித்தால், அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏ.வி.என். பலருக்கு இரண்டு இடுப்பையும் தாக்கும். தொடக்கத்தில் வலியும் இருக்காது, எக்ஸ்ரேயிலும் தெரியாது. இடது இடுப்பை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஸ்டீராய்டு மருந்தோ மதுப்பழக்கமோ காரணமாக இருந்திருந்தால் இந்தப் பரிசோதனை இன்னும் அவசியம். புதிய ஷூ வாங்குவதற்கு முன் இதை உங்கள் சர்ஜனிடம் கேளுங்கள்.