மேப்புல ரோடு நீலமா இருந்தா போதுமா?

கேள்வி: டிசம்பர் முதல் வாரம் தாம்பரத்துல இருந்து திருநெல்வேலிக்கு குடும்பத்தோட கார்ல போறோம். கிளம்புறப்போ மேப் பாத்தா போதும்தானே சார்?

பதில்: போதாதுங்க. மேப் காட்டறது இப்போ இருக்கற டிராஃபிக், நீங்க மத்தியானம் போய் சேர்ற ஊர்ல என்ன ஆகப்போகுதுன்னு அதுக்கு எப்படி தெரியும்? 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையை கடந்து போனதுக்கு அப்புறம், டிசம்பர் ஆரம்பத்துலதான் சாத்தனூர் அணை தண்ணி தென்பெண்ணையில பாஞ்சு, விழுப்புரம் தாண்டி அரசூர் கிட்ட திருச்சி ஹைவே மேலயே வெள்ளம் ஓடி வண்டியெல்லாம் நின்னுச்சு. அதனால மழையை மட்டும் இல்ல, அணை திறப்பு நியூஸையும் பாருங்க.

முந்தின நாள் ராத்திரி வானிலை மையத்தோட மாவட்ட எச்சரிக்கையில செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி, மதுரை, தூத்துக்குடின்னு வழியில வர்ற மாவட்டம் ஒவ்வொண்ணா பாருங்க, மஞ்சள்னா கவனமா போகலாம், ஆரஞ்சுன்னா நான் ஒரு நாள் தள்ளிப்போடுவேன், ரெட்டுன்னா பேச்சே இல்ல. வழியில டீக்கு நிறுத்தறப்போ அடுத்த 3 மணி நேர மழை அறிவிப்பையும் ஒருதடவை பாத்துக்கோங்க. ஃபேமிலி குரூப்ல வர்ற வெள்ள வீடியோவை நம்பாதீங்க, பாதி போன வருஷத்துது! நேஷனல் ஹைவேல மாட்டிக்கிட்டா 1033-க்கு போன் பண்ணுங்க.